மூன்றாவது பொத்தானுக்கு ஒரு குலவை

மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஏழேகால் மணிக்கு, கீழத்தரவை உப்பளக் குடியிருப்பின் நான்காம் வரிசைக் கடைசி வீட்டில், கொம்பையா என்னும் ஐம்பத்தாறு வயது மனிதர் தம் சட்டையின் மூன்றாவது பொத்தானை இடக்கையால் போட்டு முடித்த அந்தக் கணத்தில், வீட்டின் ஓட்டுக் கூரைக்கு மேலே, ஆளும் பேருமில்லாத வெட்டவெளியில், இருபது முப்பது பெண்கள் கூடி நின்று எழுப்பியது போன்ற ஒரு குலவை எழுந்தது. தாலி ஏறும்போது எவ்வளவு நேரம் குலவையிடுவார்களோ அவ்வளவு நேரம் அது ஒலித்தது. பிறகு யாரோ கையமர்த்தியது போல் நின்றது. கூரைமேல் இருந்த காக்கை பறக்கவில்லை. தெருநாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. கொம்பையா நான்காவது பொத்தானுக்குப் போகவில்லை. அன்றைக்கு மூன்று போதும் என்று அவருக்கு இருந்தது.

வலக்கையும் வலக்காலும் விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முப்பது வருடம் பாத்தியில் நின்று உப்பு வாரிய உடம்பு ஓர் ஆனி மாதத்து நடுப்பகலில் வாருபலகையோடு சாய்ந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பேச்சு, சேற்றில் நடப்பவனின் கால் போலக் கனத்துக் கனத்து வந்தது. முதல் வாரம் நான்கு வரிசை வீடுகளும் திரண்டு வந்து கட்டிலைச் சுற்றி நின்றன. இரண்டாம் மாதம் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போயின. நான்காம் மாதம் கேட்பதும் நின்றது. ஊரைக் குற்றம் சொல்வதற்கில்லை. திடீரென்று வரும் துன்பத்துக்கு ஓடி வர மனிதருக்குத் தெரியும். நீண்டுகொண்டே போகும் துன்பத்தின் அருகில் எப்படி உட்கார்ந்திருப்பது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மனைவி ஜெயக்கொடி இறந்து ஆறு வருடம். பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் அளத்து வேலைக்குப் போகுமுன் ஒரு தூக்குவாளிக் கஞ்சியை வாசலில் வைப்பாள். சாயங்காலம் காலி வாளியை எடுத்துக்கொள்வாள். அந்த இரண்டு வேளைக்கும் நடுவில், ஓட்டு இடுக்கில் விழும் வெயில் துண்டு தரையில் ஊர்ந்து சுவரில் ஏறி மறையும் வரை, கொம்பையாவிடம் ஒரு சொல் பேச உலகத்தில் ஒருவரும் இல்லை.

திருப்பூரில் பனியன் தைக்கும் மகள் மாரிச்செல்வி போனில் தீர்த்துச் சொல்லியிருந்தாள்.

"யப்பா, சித்திர விசு வரைக்கும்தான் பொறுப்பேன். அதுக்குள்ள நீங்களாத் தண்ணி எடுத்து, நீங்களாப் பொங்கி, நீங்களாத் தின்னுட்டா அங்கயே இருங்க. இல்லைன்னா வண்டி பிடிச்சுட்டு வந்து தூக்கிப் போட்டுக் கொண்டாந்துருவேன். ஒரு பேச்சுக் கேக்க மாட்டேன்."

அவளுடைய அன்பில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அவள் குடியிருந்த ஒற்றை அறையை அவர் பார்த்திருக்கிறார். தையல் மிஷினுக்கும் பீரோவுக்கும் இடையில் பாய் விரிக்கும் இடம் ஒன்று உண்டு. அதில் படுத்துவிட்டால் பிறகு எழுந்து செய்ய அங்கே எதுவும் இருக்காது. எல்லாவற்றையும் மகளே செய்துவிடுவாள். அதுதான் அவருடைய பயம். தம் வீட்டில், தம் காலில், ஏதோ ஒன்றைத் தாமே செய்யும் மனிதராக இருந்து சாக வேண்டும். அதைத் தவிர அவருக்கு வேறு ஆசை மிச்சமில்லை.

அன்றைக்குக் காலையில் குலவையைக் கேட்ட குடியிருப்பு முதலில் செய்தது, ஒலித்த வாய் எது என்று தேடியதுதான். காரணமில்லாமல் எழும் குலவை ஆகாது என்பது அங்கே வழக்கம். கல்யாணத்துக்கு உண்டு, சடங்குக்கு உண்டு, அம்மன் கொடைக்கு உண்டு. சும்மா கிடக்கிற ஒரு காலைக்குக் கிடையாது. ஒருத்தி தொடங்கினால் மற்றவர்கள் ஏந்திக்கொள்வார்கள், தொடங்கியவள் யார்? நல்லியடியில் குடங்களை வரிசையில் விட்டுவிட்டுப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். கடைசியில் எல்லாருடைய கண்ணும் கொம்பையாவின் பக்கத்து வீட்டுக்காரி மேல் போய் நின்றது.

"எனக்கு வாய் இருக்கது உங்களுக்கெல்லாம் பதில் சொல்லதுக்கே பத்தல," என்றாள் தங்கபுஷ்பம், குடத்தை இடுப்பில் ஏற்றியபடி. "இதுல குலவ வேறயாக்கும்? போய் வேற வீட்டுல தேடுங்க மயினி."

இரண்டாம் நாள், சொம்பிலிருந்து டம்ளருக்குச் சிந்தாமல் கொம்பையா தண்ணீர் ஊற்றினார். கூரைமேல் குலவை எழுந்தது. ஐந்தாம் நாள், சுவரைப் பிடிக்காமல் நின்று நூறு வரை எண்ணினார், எழுந்தது. அப்போது நல்லியடியில் எல்லாப் பெண்களும் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தபடியால், இது மனிதர் வாய் இல்லை என்பது உறுதியாயிற்று. உறுதியானதும் அதைப் பற்றிய பயமும் போயிற்று. மழை வருவதையும் கடல் உள்வாங்குவதையும் போல அதுவும் ஒன்று என்று வைத்துக்கொண்டு, அவரவர் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பிறகு அது மற்றக் கூரைகளுக்கும் பரவியது. ஒன்பது வயதிலிருந்து திக்கிப் பேசிவந்த டீக்கடை லாசர், ஒரு காலையில் "பருத்திப்பால் இன்னைக்கு இல்ல" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டபோது டீக்கடையின் தகரத்துக்கு மேலே குலவை எழுந்தது. சந்தோஷத்தில் அவர் அன்று முழுவதும் வந்தவர் போனவரிடமெல்லாம் பருத்திப்பால் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வருடமாகப் பேச்சில்லாதிருந்த மாமியாரிடம் மருமகள் ஒருத்தி "சாப்டியளா" என்று கேட்டதற்கு எழுந்தது. இரண்டாம் வரிசையில் ஒரு வீட்டுக்கு மேல் சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்தபோது, வீட்டுக்காரன் காரணம் சொல்லமாட்டேன் என்று முரண்டு பிடித்தான். அன்று ஒரு நாள் சாராயக் கடையைத் தாண்டி நேராக வந்துவிட்டான் என்பதை அவன் மனைவி அவன் மூச்சை முகர்ந்து கண்டுபிடித்தாள். தங்கபுஷ்பத்துக்கும் வந்தது. அளம் நாலு மைல். நடந்தே போய் முழங்கால் தேய்ந்துவிட்டது என்று நாற்பத்தாறாவது வயதில் பழைய சைக்கிள் ஒன்றை எடுத்து ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். பெடலில் வைத்த காலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு விழுந்தபோது, விழுந்தவளின் தலைக்கு மேலேயே குலவை எழுந்தது.

பெரிய காரியங்களுக்கு மட்டும் அது வாய் திறக்கவில்லை. புதுத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து வைத்த பிரமுகர் ஒருவர், கேள்விப்பட்டு வந்தவராகையால், நாடாவை வெட்டிவிட்டுக் கத்தரிக்கோலும் கையுமாக வெயிலில் கால்மணி நேரம் நின்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்த பெண்ணுக்கும் வரவில்லை, அவள் அழுதாள், அடுத்த வாரம் தன் அம்மாவின் விரலைப் பிடித்து "ம" எழுதக் கற்றுக்கொடுத்தபோது வந்தது, அதுவும் அம்மாவுக்கு வந்ததா மகளுக்கு வந்ததா என்பது இன்றுவரை தீரவில்லை. பெரியவற்றைக் கொண்டாட மாலையும் மேடையும் இருக்கின்றன. யாரும் பாராமல் முடிந்துவிடுகிற சின்ன வெற்றிக்கு என்ன இருக்கிறது? அந்தக் குலவை வேறு வேலையில்லாமல் அதைத் தேடி வந்திருந்தது.

ஒரு மாதத்துக்குள் கீழத்தரவையில் குசலம் விசாரிக்கும் முறையே மாறிவிட்டது. "சாப்டாச்சா" போய், "என்ன செஞ்ச?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கேட்டவர் பதில் வரும்வரை நின்றார். கேட்கப்பட்டவர் யோசித்தார், அன்றாடம் செய்கிற பத்துக் காரியத்தில் எது நேற்று முடியாமல் இன்று முடிந்தது என்று தேடிப் பார்த்தார். தேடினால் கிடைக்கத்தான் செய்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கூரைக்கு மேலே குலவை எழுந்த அந்த நாட்களில், கூரைக்குக் கீழே இருந்த எந்தப் பெண்ணும் தன் வாயைத் திறந்து இன்னொருவருக்காகக் குலவையிடவில்லை. அதைச் செய்யத்தான் வானத்தில் ஒன்று இருக்கிறதே என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள். சத்தம் எழுந்த வீட்டுக்கு ஓடுவார்கள், காரணம் கேட்பார்கள், அடுத்த சத்தத்துக்கு ஓடுவார்கள். முதல் குலவை எழுந்த நான்காம் வரிசைக் கடைசி வீடு பழைய செய்தியாகிவிட்டது. கொம்பையா கட்டிலில் படுத்தபடி தூரத்துக் கூரைகளின் சத்தத்தைக் கேட்டு, இது இன்னாருக்கு, இது இன்னதற்கு என்று தமக்குள் யூகித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வந்தது; தீக்குச்சி உரசியதற்கு, அரிசி களைந்ததற்கு, தாமே பொங்கிய சோற்றைத் தாமே தின்றதற்கு. ஒவ்வொரு முறை வரும்போதும் இன்னும் ஒன்று முடியும் என்று தோன்றியது, முடிந்தது. நல்லியடிக்குப் போய்ப் பாதிக் குடம் தண்ணீர் கொண்டுவருவது ஒன்றுதான் மீதியிருந்தது. விசுவுக்கு இன்னும் இருபது நாள் கிடந்தது.

பங்குனி இரண்டாம் செவ்வாய் முத்தாரம்மன் கொடை. கோயில் தலைவர் ஆறுமுகநயினார் நல்ல மனிதர். ஊருக்கு ஒரு பெருமை கிடைத்தால் அதை ஒலிபெருக்கியில் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. அவர் நேரே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கொம்பையா, அம்மனே ஒமக்குத்தான்வே மொதக் குலவ போட்டா. கொடைக்கு நாலு ஊரு சனம் வருது. நீரு மேடையில வந்து உக்காந்து, அந்தச் சட்டப் பட்டன ஒருக்கப் போட்டுக் காட்டும். போதும்."

"கூ... கூட்டத்துலயா தலைவரே?"

"பட்டன் போடத்தானவே சொல்லுதேன், மல பெறட்டவா சொல்லுதேன்?"

ஒன்பது மாதத்தில் முதல்முறையாக ஒருவர் தம்மை ஓரிடத்துக்கு அழைத்தார் என்பதால் கொம்பையா தலையாட்டினார்.

நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மேளத்தை நிறுத்தினார்கள். ஆறுமுகநயினார் ஒலிபெருக்கியில், "மெய்யன்பர்களே, எல்லாரும் சத்தம் போடாம மேல கவனிங்க" என்றார். கொம்பையா முதல் பொத்தானைப் போட்டார். இரண்டாவதில் விரல் வேர்த்து வழுக்கியது. மூன்றாவது இரண்டு தடவை துளையிலிருந்து நழுவி, மூன்றாம் தடவை நுழைந்தது. குலவை வரவில்லை. கூட்டம் காத்தது. அவர் நிறுத்தவில்லை, நான்காவதைப் போட்டார், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஐந்தாவதையும் போட்டார். வானம் சும்மா இருந்தது. கூட்டத்திலிருந்து ஒரு குரல், "தலைவரே, இன்னும் ரெண்டு பட்டன் தச்சு வச்சுப் பாருங்க!" என்றது, சிரிப்பு எழுந்து பரவியது, மேளக்காரர்கள் தாங்களாகவே அடிக்கத் தொடங்கினார்கள். நான்காவது பொத்தானையும் ஐந்தாவது பொத்தானையும் ஒரு மனிதர் தம் வாழ்நாளில் முதன்முறையாக இடக்கையால் போட்டு முடித்தார் என்பதை அந்த நாலு ஊர்ச் சனத்தில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எல்லாருடைய தலையும் மேலே அண்ணாந்திருந்தது.

நாம் செய்யும் தவறும் இதுதான், இதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. வாழ்த்து எங்கிருந்தோ வர வேண்டும் என்று அண்ணாந்து நிற்கிறோம். வாழ்த்தப்பட வேண்டியவர் நம் கண்ணுக்கு நேரே, வேர்த்து விறுவிறுத்து, உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாளிலிருந்து எந்தக் கூரைமேலும் குலவை எழவில்லை. ஒரு வாரம் ஊர் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தது. லாசர் பருத்திப்பால் என்பதைப் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, மறுபடியும் திக்கத் தொடங்கினார். மாமியாரும் மருமகளும் பழையபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். "என்ன செஞ்ச?" என்று கேட்பது நின்றது. பழியைச் சுமக்க ஒரு தோள் வேண்டியிருந்தது. மேடையில் அசிங்கப்படுத்தியதால் அம்மன் கோபித்துக்கொண்டாள் என்றார்கள் சிலர். "அந்த ஆளுதான் சரியாப் போடல" என்றார்கள் பலர். கொம்பையா கட்டிலில் படுத்தார். தீக்குச்சியை அவர் தொடவில்லை. தங்கபுஷ்பத்தின் தூக்குவாளி மறுபடியும் வாசலுக்கு வந்தது. அது இரண்டு நாள் தொடப்படாமலே திரும்பியது. மூன்றாம் நாள் அவர் மகளுக்குப் போன் செய்து, "வந்து கூட்டிட்டுப் போயிரு" என்றார். மூன்று சொல், அவற்றைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

ஜன்னலுக்கு வெளியே தங்கபுஷ்பம் மட்டும் தினமும் காலையில் விழுந்துகொண்டிருந்தாள்.

"இன்னுமா... பழகுத?" என்று ஒருநாள் கேட்டார்.

"பின்ன? அது சத்தம் போட்டுச்சுன்னா ஏறுனேன்? அளத்துக்கு நேரத்துக்குப் போணும் அண்ணாச்சி. விழுகும்போது மேளம் அடிக்காம இருந்தாச் சரி." முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டியவள், வேறு குரலில், "ஆனா ஒண்ணு. யாருமே பாக்காம விழுகது ரொம்ப வலிக்கத்தான் செய்யுது," என்றுவிட்டுச் சைக்கிளை நிமிர்த்தினாள்.

விசுவுக்கு முதல்நாள் காலையில் வண்டி வந்தது. மாரிச்செல்வி இறங்கியவள் உட்காரவில்லை. பானைகளையும் சட்டிகளையும் ஜெயக்கொடியின் பழைய சேலையில் போட்டு, கயிற்றால் இறுக்கி இறுக்கி முடிச்சுப் போட்டாள். கொம்பையா தாமே சட்டை மாட்டிக்கொண்டு, தாமே கோலூன்றி வெளியே வந்து, வண்டியின் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். வழியனுப்ப வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்தது, வருத்தம்கூட இல்லை, உப்பு அம்பாரத்தின் மேல் பெய்கிற மழை போல மனம் தன் பாட்டுக்குக் கரைந்துகொண்டிருந்தது.

அப்போது தங்கபுஷ்பம் சைக்கிளில் ஏறினாள். ஹேண்டில்பார் பாம்பு போல நெளிந்தது. விழுவாள் என்று எல்லாரும் பார்த்திருக்க, நல்லியைத் தாண்டினாள், டீக்கடையைத் தாண்டினாள், சரளைக்கல் குவியலை உரசிக்கொண்டு தாண்டி, ஆடாமல் அசையாமல், முந்தானை காற்றில் படபடக்க, மூன்றாம் வரிசை முடியும் இடம் வரை போனாள். ஊர் பழக்கதோஷத்தில் அண்ணாந்து வானத்தைப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை. தலைகளைத் தொங்கவிட்டுக்கொண்டது. கொம்பையா அண்ணாந்து பார்க்கவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் ஒரு சத்தம் கொடுக்காவிட்டால், இந்தச் சைக்கிள் ஓடியது ஓடாததாகவே போய்விடும். மேடையில் அவருடைய நான்காவதும் ஐந்தாவதும் போனதைப் போல. அது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆண்கள் குலவையிடுவதில்லை என்பது நினைவுக்கு வருமுன் அவருடைய வாய் திறந்துவிட்டது. கோணிய வாய்க்குள் கனத்த நாக்கு இடமும் வலமும் அடித்துக்கொள்ள முயன்று, பாதி குலவையாகவும் பாதி ஆட்டுக்குட்டியின் கத்தலாகவும் ஒரு சத்தம் வந்தது.

வெலவெலத்துப் போன தங்கபுஷ்பம் சைக்கிளோடு விழுந்தாள்.

"யாருவே அது? அண்ணாச்சிக்கு என்ன... என்ன ஆச்சு?" என்று லாசர் ஓடி வந்தார். யாரோ சிரித்தார்கள். தரையில் கிடந்தபடியே தங்கபுஷ்பம் கேட்டாள்: "நீங்களா அண்ணாச்சி?"

"நாந்தான்," என்றார் கொம்பையா. எச்சிலைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எழுப்பினார். இம்முறை சற்று நீண்டது. சிரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, சிரிப்பை அடக்க முடியாமலோ வேறெதையோ அடக்க முடியாமலோ, அதை ஏந்திக்கொண்டாள், அடுத்தவள் ஏந்தினாள், மாமியார் ஏந்தினாள், மருமகள் ஏந்தினாள், கீழத்தரவையின் தெருவில், கூரைக்குக் கீழே, மனிதர் தொண்டையிலிருந்து, தங்கபுஷ்பத்தின் அறுபது கஜத்துக்காக ஒரு முழுக் குலவை எழுந்தது. அவள் எழுந்து மண்ணைத் தட்டாமல் நின்றாள்.

மாரிச்செல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யப்பா, நேரமாச்சு. ஏறுங்க."

"நான் வரல."

"வரலையா? போன் பண்ணிக் கூப்பிட்டது யாரு? இங்க யாரு இருக்கா உங்களுக்கு?"

கொம்பையா சொற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார். "இவ நாளைக்கு... முக்கு வரைக்கும் போவா. யாராச்சும் பாக்கணும்லா."

"அதுக்கு ஒரு ஆளாக்கும்?"

"ஆமா. ஆளு வேணும்."

மாரிச்செல்வி திட்டினாள், அழுதாள், வண்டிக்காரரிடம் எரிந்து விழுந்தாள். பிறகு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வழியாக, "ஆடி வரைக்கும் பாப்பேன். தண்ணிக் குடம் இன்னும் மிச்சம் கெடக்கு, மறந்துராதிய," என்றாள். புழுதி அடங்கியதும் கூட்டம் கலைந்து அவரவர் வேலைக்குப் போயிற்று. தங்கபுஷ்பமும் உள்ளே போய்விட்டாள். பதினொரு மணி வெயிலில் வீடு முன்போலவே காலியாக இருந்தது.

நடுவீட்டில் சேலை மூட்டை கிடந்தது. மகள் கோபத்தில் போட்ட முடிச்சு. கொம்பையா தரையில் உட்கார்ந்து, கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடக்கை விரல்களால் நெம்பினார். நகம் பிய்ந்தது. வெயில் துண்டு தரையில் ஊர்ந்து அவர் முழங்காலைத் தொட்டு, தாண்டி, சுவரில் ஏறத் தொடங்கியது. கடைசி முடிச்சு நெகிழ்ந்து சேலை விரிந்து, பானைகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தபோது, வீட்டுக்கு மேலே எந்தச் சத்தமும் எழவில்லை. எழாது என்று அவருக்குத் தெரியும். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"தங்கச்சி... முடிச்ச அவுத்துட்டேன்."

சுவருக்கு அந்தப்பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"எத்தன முடிச்சு அண்ணாச்சி?"

"மூணு."

"மூணா!" என்றாள் தங்கபுஷ்பம்.